வரைபடத்துக்கும் கடைக்கும் நடுவே

ஒரு மிக்ஸியோ ஸ்கூட்டரோ கைப்பேசிச் செயலியோ சந்தைக்கு வரும்போது, அதன் வடிவத்தை முடிவு செய்தவர்கள் டிசைனர்கள் மட்டும் அல்லர். எந்தத் திருகாணி வாங்குவது என்று தீர்மானித்த கொள்முதல் பிரிவு, அச்சிலிருந்து பாகம் சுலபமாகக் கழன்று வருவதற்காகச் சுவரைச் சற்றே சாய்த்த மோல்டு தயாரிப்பாளர், செலவில் ஐந்து ரூபாய் குறைக்கச் சொன்ன கணக்குப் பிரிவு, திரையில் இன்னொரு பட்டன் வேண்டும் என்று கேட்ட விற்பனைக் குழு என எல்லோருமே அந்தப் பொருளை வடிவமைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் தாங்கள் அப்படிச் செய்வதை அறியாமலே செய்திருக்கிறார்கள். லண்டன் பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த பீட்டர் கோர்ப், ஏஞ்சலா டூமா இருவரும் 1987இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதற்கு ‘மௌன வடிவமைப்பு’ என்று பெயரிட்டார்கள். வடிவமைப்பு மேலாளர் என்ற பதவிக்கான தேவை இங்குதான் பிறக்கிறது. பல மேசைகளில் சிதறிக் கிடக்கும் இந்த முடிவுகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, ஒரு நோக்கத்துக்குள் அடக்கி, பொருள் கடைக்குப் போகும் வரை அந்த நோக்கம் சிதையாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

பொருள் உருவாக்கக் குழுவில் வேறு மேலாளர்களும் இருக்கிறார்கள். என்ன செய்வது, யாருக்கு, என்ன விலைக்கு என்பது புராடக்ட் மேனேஜரின் பொறுப்பு. எப்படிச் செய்வது என்பது பொறியியல் தலைவருடையது. எப்போது முடிப்பது என்பது திட்ட மேலாளருடையது. வாங்கியவர் கையில் அந்தப் பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் வடிவமைப்பு மேலாளர். நிறுவனத்தின் பொறுப்புப் பட்டியலில் இந்த எல்லைகள் தெளிவாகவே இருக்கும். வேலை தொடங்கிய பிறகு நான்கும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். விலையை மாற்றினால் பொருளின் மூலப்பொருள் மாறுகிறது. மூலப்பொருள் மாறினால் வடிவம் மாறுகிறது. வடிவம் மாறினால் தேதி தள்ளிப்போகிறது. ஆகவே மற்ற மூவரின் மொழியும் தெரிந்தவராக இருந்தால்தான் இவரால் தன் வேலையைச் செய்ய முடியும்.

இந்தப் பொறுப்பு, அதற்கு இன்றைய பெயர் வருவதற்கு வெகு முன்பே உருவானது. ஜெர்மனியின் ஏ.இ.ஜி. மின் நிறுவனம் 1907இல் பீட்டர் பெஹ்ரன்ஸைக் கலை ஆலோசகராக அமர்த்தியது. மின் கெண்டி, விசிறி, விளக்கு, விளம்பரம், நிறுவனச் சின்னம், தொழிற்சாலைக் கட்டடம் எல்லாம் அவர் பார்வைக்கு உட்பட்டே வெளிவந்தன. என்றாலும் அன்றாடம் ஆட்களையும் அட்டவணையையும் பட்ஜெட்டையும் கையாளும் பெரிய வடிவமைப்புத் துறை என்றால் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நிறுவனத் தலைவர் ஆல்ஃபிரெட் ஸ்லோன் 1927இல் ‘கலை, வண்ணப் பிரிவு’ ஒன்றைத் தொடங்கி ஹார்லி எர்லிடம் ஒப்படைத்தார். சுமார் 50 பேர் கொண்ட அந்தப் பிரிவில் டிசைனர்கள் 10 பேர்தான். மற்றவர்கள் பட்டறைத் தொழிலாளர்களும் அலுவலக ஊழியர்களும். எர்ல் ஹாலிவுட்டில் திரை நட்சத்திரங்களுக்குக் கார் உடல் கட்டித் தந்தவர். காரின் முழு அளவு மாதிரியைக் களிமண்ணில் செய்து பார்க்கும் முறையைப் பெருநிறுவனத்துக்குள் நிலைப்படுத்தியவர் அவர். தன் கையால் வரைந்ததைவிட, மற்றவர்கள் வரைந்ததைப் பார்த்துத் திருத்தச் சொன்னதே அவர் வாழ்நாள் வேலையாக இருந்தது.

அவருக்குக் கிடைத்த முதல் பெரிய அடி 1929ஆம் ஆண்டின் ப்யூக் கார். கண்ணாடிக்குக் கீழே பக்கவாட்டில் மெல்லிய ஒரு புடைப்பு வருமாறு எர்லின் குழு அதை வடிவமைத்தது. வரைபடம் தொழிற்சாலைக்குப் போனது. உற்பத்தி வசதிக்காகப் பக்கத் தகடுகளின் அடிப்பகுதியை அங்கே கூடுதலாக உள்ளே இழுத்தார்கள். காரின் உயரத்திலும் 5 அங்குலம் கூட்டினார்கள். தனித்தனியே பார்த்தால் இரண்டுக்கும் நியாயமான காரணம் இருந்திருக்கும். இரண்டும் சேர்ந்தபோது மெல்லிய புடைப்பு தொந்தியாகிவிட்டது. மக்கள் அதைக் ‘கர்ப்பிணி ப்யூக்’ என்று கேலி செய்தார்கள். விற்பனை சரிந்தது, அடுத்த ஆண்டே அந்த உருவம் கைவிடப்பட்டது. முடிந்த காரைப் பார்த்த பிறகுதான் தனக்கு விஷயமே தெரிந்தது என்று 1954இல் எழுதிய பத்திரிகைக் கட்டுரையில் எர்ல் குறிப்பிட்டார்.

மௌன வடிவமைப்புக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. தகட்டை இழுத்தவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை. வரைந்தவர்களிடம் திறமைக் குறைவும் இல்லை. இரு தரப்புக்கும் நடுவில் நின்று, ‘இந்த மாற்றத்தைச் செய்தால் பக்கவாட்டுத் தோற்றம் என்ன ஆகும்’ என்று கேட்கும் அதிகாரம் கொண்டவர் யாரும் தொழிற்சாலையில் இல்லை. இன்று நல்ல நிறுவனங்களில் வடிவமைப்பு மேலாளரின் உடன்பாடில்லாமல் வெளிப்புற அளவு எதையும் மாற்ற முடியாது என்ற விதி இருக்கிறது. பார்க்க வெறும் காகித விதி. ஆனால் அந்தப் பதவியின் உண்மையான பலம் அதில்தான் இருக்கிறது.

வேலையின் தொடக்கம், டிசைனருக்குத் தரும் குறிப்புரை. தொழிலில் ‘பிரீஃப்’ என்றே சொல்கிறார்கள். மோசமான பிரீஃபை எளிதில் அடையாளம் காணலாம்: ‘நவீனமாக இருக்க வேண்டும், இளைஞர்களைக் கவர வேண்டும், போட்டியாளரைவிட மலிவாக இருக்க வேண்டும்.’ இதை வைத்து எதையும் வரையலாம், எதையும் நிராகரிக்கலாம். வீட்டில் பயன்படுத்தும் ரத்த அழுத்தக் கருவியை எடுத்துக்கொள்வோம். கண் பார்வை மங்கிய 70 வயதுக்காரர், துணைக்கு ஆளில்லாமல், கையில் சுற்றும் பட்டையை மற்றொரு கையால் மட்டுமே இறுக்கி, எண்ணைத் தானே படித்துவிட வேண்டும் என்று எழுதினால் அது பிரீஃப். எழுத்தின் அளவு, பட்டையின் கொக்கி, பட்டன் இருக்க வேண்டிய பக்கம் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்திலிருந்தே பிறக்கும். அப்படி எழுத வேண்டுமானால் மேலாளர் முன்கூட்டியே பயனரின் வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பார்த்திருக்க வேண்டும். விற்பனைப் பிரிவு தரும் அறிக்கை இதற்குப் போதாது. வாங்கியவரைப் பற்றி அது சொல்லும், பயன்படுத்துபவரைப் பற்றி அரிதாகவே சொல்லும்.

அடுத்தது ஆட்களைத் தேர்ந்து அவர்கள் வேலையை விமர்சிப்பது. டிசைனர்களில் பலவகை உண்டு. வடிவத்தில் கை தேர்ந்தவர், இயங்குமுறையில் கூர்மையானவர், வண்ணமும் மேற்பரப்பும் அறிந்தவர், பயனரோடு பேசத் தெரிந்தவர். ஒரே மாதிரித் திறமையாளர்களைச் சேர்த்துவைத்தால் கூட்டம் சுமுகமாக நடக்கும், பொருள் ஓட்டையாகும். வாராந்தர விமர்சனக் கூட்டத்தில் மேலாளர் ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று சொல்லும்போதெல்லாம் குழு அவருடைய ரசனையை யூகிக்கத்தான் கற்றுக்கொள்கிறது. ‘பிரீஃபில் சொன்ன எந்தச் சிக்கலை இது தீர்க்கிறது’ என்று கேட்டால் சிந்திக்கக் கற்றுக்கொள்கிறது.

இந்த விஷயத்தில் ஜெர்மனியின் பிரவுன் நிறுவனம் பாடமாகப் படிக்கத் தகுந்தது. 1955இல் அங்கே சேர்ந்த டீட்டர் ராம்ஸ், 1961 முதல் 1995 வரை வடிவமைப்புத் துறையின் தலைவராக இருந்தார். பிரவுன் பொருள்கள் எல்லாமே அவர் வரைந்தவை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியல்ல. ராம்ஸ் தலைவர் ஆவதற்கு முன்பே, 1957இல், கே.எம். 3 சமையல் எந்திரத்தை வடிவமைத்தவர் கெர்டு ஆல்ஃபிரெட் முல்லர். ராம்ஸ் தலைமையில் 1972இல் வந்த உருளை வடிவக் காபி எந்திரம் கே.எஃப். 20 ஃப்ளோரியான் ஸைஃபர்ட்டின் படைப்பு. டிஜிட்டல் கடிகாரங்கள், கால்குலேட்டர்களில் டீட்ரிஷ் லூப்ஸின் கை இருக்கிறது. இத்தனை பேர் தனித்தனியே செய்தும், ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகள் போல அந்தப் பொருள்கள் தோன்றுகின்றன. தலைவராக ராம்ஸின் சாதனை அதுதான். டிசைனர் என்ற முறையில் அவர் செய்தவற்றைவிட இது பெரிது என்றுகூடச் சொல்லலாம்.

உற்பத்திக் கட்டத்தில்தான் இந்தப் பதவி கடுமையாகச் சோதிக்கப்படுகிறது. பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்துக்கொண்டால், கணினித் திரையில் செங்குத்தாக நிற்கும் சுவர் அப்படியே அச்சில் வராது. பாகம் மோல்டிலிருந்து வெளியேற 1 அல்லது 2 டிகிரி சாய்வு வேண்டும். உறைக்கு வலுவூட்ட உட்புறம் கொடுக்கும் விலா, சுவரின் பருமனில் ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்கு மேல் தடித்தால் வெளிப்புறத்தில் குழி விழும். பளபளப்பான கறுப்பு உறையில் அந்தக் குழி வெளிச்சத்தில் அப்பட்டமாகத் தெரியும். இதை டிசைனர் அறியாமல் விட்டால் மோல்டு தயாரிப்பாளர் தனக்குத் தெரிந்த வழியில் சரிசெய்வார். உறையின் முகம் மாறிவிடும். எஃகு மோல்டு செய்து முடிக்க வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். அதிலிருந்து உலோகத்தைச் செதுக்கிக் குறைப்பது எளிது; சேர்ப்பது கடினம். அதனால் சந்தேகமுள்ள இடங்களில் பாகத்தை முதலில் சற்று ஒல்லியாகவே வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் பிறகு பருமனாக்கிக்கொள்வது வழக்கம். எந்த இடங்களில் அப்படி வைப்பது என்பதை வடிவமைப்பு மேலாளரும் மோல்டுப் பொறியாளரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசி முடிவு செய்தால் பாதிச் சண்டை மிச்சம்.

முதல் பாகங்கள் வந்ததும் நிறம், பளபளப்பு, மேற்பரப்பின் சொரசொரப்பு, இரு பாகங்களுக்கிடையே தெரியும் இடைவெளி ஆகியவை பார்க்கப்படுகின்றன. ஏற்கத்தக்க மாதிரி ஒன்றில் மேலாளர் கையெழுத்திட்டு வைப்பார். தொழிற்சாலைகளில் அதற்கு ‘கோல்டன் சாம்பிள்’ என்று பெயர். பத்து மாதம் கழித்து வேறொரு சப்ளையரிடமிருந்து வரும் பாகம் சரியா தவறா என்று தகராறு வந்தால், பேச்செல்லாம் நின்று அந்த மாதிரிதான் தீர்ப்புச் சொல்லும். ஏற்கத்தக்க ஆகக் குறைந்த தரம் எது என்பதற்கும் தனி மாதிரி வைப்பவர்கள் உண்டு. அதுதான் புத்திசாலித்தனம், மிகச் சிறந்ததை மட்டும் காட்டினால் தரப் பரிசோதகருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

மென்பொருளில் மோல்டு இல்லை, மாற்றுவது மலிவு. அந்த மலிவே அங்கே தொல்லை. எந்த முடிவும் முடிவாக நிற்பதில்லை. வங்கிச் செயலி ஒன்றின் அழகான முகப்பை எல்லோரும் வரைந்துவிடுவார்கள். இணையம் பாதியில் அறுந்தால் திரை என்ன சொல்லும், பணம் போனதா இல்லையா என்று தெரியாத அந்த அரை நிமிடத்தில் பயனருக்கு என்ன காட்டுவது, கணக்கில் ஒரு பரிவர்த்தனைகூட இல்லாத புதியவருக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்பவற்றை யாரும் வரையாவிட்டால், நிரல் எழுதுபவர் நள்ளிரவில் தானே ஒரு வாக்கியம் எழுதிவிடுவார். அதுவும் மௌன வடிவமைப்புதான். இதைத் தடுக்கவே பெரிய நிறுவனங்கள் பட்டன், எழுத்து, வண்ணம், பிழைச் செய்தி ஆகியவற்றுக்கான பொதுத் தொகுப்பு ஒன்றை வைத்துக்கொள்கின்றன. அதைப் பராமரிப்பதும், ஒவ்வொரு குழுவும் தனக்கென ஒரு நீலத்தைக் கண்டுபிடிக்காமல் பார்த்துக்கொள்வதும் வடிவமைப்பு மேலாளரின் அன்றாட வேலை.

நீலத்தைப் பற்றி ஒரு பிரபலமான சம்பவமும் உண்டு. கூகுளில் காட்சி வடிவமைப்பை முன்னின்று நடத்திய டக்ளஸ் போமன் 2009 மார்ச்சில் வேலையை விட்டார். இரண்டு நீலங்களில் எது என்று முடிவு செய்ய முடியாமல் இடைப்பட்ட 41 நீலங்களைச் சோதித்தார்கள், ஒரு கோட்டின் தடிமன் 3 பிக்சலா, 4 பிக்சலா, 5 பிக்சலா என்று நிரூபிக்கச் சொன்னார்கள் என்பது அவர் வெளிப்படையாகச் சொன்ன குறை. தரவு தவறு என்று அவர் சொல்லவில்லை. எல்லாக் கேள்வியையும் தரவுதான் தீர்க்க வேண்டும் என்றால் துணிந்து எதையும் வடிவமைக்க முடியாது என்றார். சோதனைக்கு எதை அனுப்புவது, எதைக் குழுவின் தீர்ப்புக்கு விடுவது என்று பிரிப்பதும் மேலாண்மைதான். பணப்பரிமாற்றத்தின் படிவரிசை சோதிக்கத் தக்கது. கோட்டின் தடிமனைச் சோதிக்க உட்கார்ந்தால் அந்த வாரம் வீண்.

இந்தப் பதவி யாருக்குக் கீழே இருக்கிறது என்பது அதன் சம்பளத்தைவிட முக்கியம். பொறியியல் துறைக்குக் கீழே இருந்தால் வடிவமைப்பு கடைசியில் போர்த்தும் உறையாகிவிடும். மார்க்கெட்டிங்குக்குக் கீழே இருந்தால் அட்டைப்பெட்டியும் விளம்பரமுமாகச் சுருங்கிவிடும். 1956இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் வடிவமைப்பு இயக்குநராகப் பொறுப்பேற்ற எலியட் நோய்ஸ் இதை அறிந்திருந்தார். அவர் ஊழியராகச் சேரவில்லை. வெளி ஆலோசகராகவே இருந்து, தலைவர் தாமஸ் வாட்சன் ஜூனியருடன் நேரடியாகப் பேசினார். எழுத்துருண்டை சுழலும் செலக்ட்ரிக் தட்டச்சு எந்திரம் 1961இல் அவர் வடிவமைப்பில் வந்தது. நிறுவனச் சின்னத்துக்குப் பால் ராண்ட், கண்காட்சிகளுக்கும் திரைப்படங்களுக்கும் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் என்று ஆட்களைக் கொண்டுவந்தவரும் அவரே.

தென்கொரியாவின் சாம்சங்கில் பதவி மட்டும் போதாது என்பது தெரிந்தது. ஜப்பானிய ஆலோசகர் தமியோ ஃபுகுடா அங்கே நிலவிய குறைகளைப் பட்டியலிட்டு 1993இல் தந்த அறிக்கை, தலைவர் லீ குன் ஹீயை உலுக்கியது. 1995இல் டிசைனர்களுக்கென்று நிறுவனத்துக்குள்ளேயே ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கப்பட்டது. 1996 வடிவமைப்புப் புரட்சி ஆண்டு என்று அறிவிக்கப்பட்டது. ஒலிபெருக்கியைத் திரைக்குக் கீழே மறைத்த போர்டோ தொலைக்காட்சி 2006இல் வந்தது. இடையில் பத்து ஆண்டுகள் ஓடியிருந்தன. மேலிடம் ஒரு நாளில் ஆணையிட்டுவிடலாம், பொறியாளரும் டிசைனரும் ஒரே மேசையில் உட்காரப் பழகப் பல ஆண்டுகள் ஆகும்.

மேலிடத்தின் ஆதரவில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. தலைவர் மாறினால் ஆதரவும் மாறும். ஆப்பிளின் வடிவமைப்புத் தலைவர் ஜோனி ஐவ் 2019இல் விலகுவதாக அறிவிக்கப்பட்டபோது, வடிவமைப்புக் குழுவின் தலைவர்கள் அன்றைய தலைமை இயக்க அலுவலர் ஜெஃப் வில்லியம்ஸின் கீழ் இயங்குவார்கள் என்றும் சேர்த்தே அறிவிக்கப்பட்டது. இந்தத் துறையில் இருப்பவர்கள் அந்தச் செய்தியின் இரண்டாவது பாதியைத்தான் அதிகம் அலசினார்கள்.

தனிக் கல்வித்துறையாக இது வளர்ந்தது 1960களுக்குப் பிறகு. மைக்கேல் ஃபாரின் ‘டிசைன் மேனேஜ்மென்ட்’ நூல் 1966இல் வந்தது. அமெரிக்காவின் பாஸ்டனில் டிசைன் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட் 1975இல் தொடங்கப்பட்டது. பொருள் வடிவமைப்பை நிர்வகிப்பதற்கான வழிகாட்டித் தரம் ஒன்றை, பி.எஸ். 7000 என்ற எண்ணில், பிரிட்டன் 1989இல் வெளியிட்டது. இந்தியாவில் ஈம்ஸ் தம்பதியர் 1958இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961இல் உருவானது. மும்பை ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையம் 1969இல் வந்தது. இங்கே டிசைனர்களை உருவாக்கும் கல்லூரிகள் பெருகிய அளவுக்கு, அவர்களை வழிநடத்துவோரை உருவாக்கும் படிப்புகள் பெருகவில்லை. நன்றாக வரைபவரையே மேலாளராக உயர்த்துவது வழக்கமாக இருக்கிறது. அதில் நிறுவனம் நல்ல டிசைனர் ஒருவரை இழக்கிறது. நல்ல மேலாளர் கிடைப்பாரா என்பது அதிர்ஷ்டம். சில மென்பொருள் நிறுவனங்கள் ஆள் நிர்வாகத்துக்கு வராமலே பதவி உயர்வு பெறும் தனிப்பாதையை டிசைனர்களுக்கு வைத்திருப்பது இதற்கு ஓரளவு விடை.

வடிவமும் பொறியியலும் பிரிக்க முடியாதபடி பின்னிய ஒரு பொருள் தமிழ்நாட்டிலிருந்தே வந்திருக்கிறது. டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம், ஓசூர் ஆலையைக் களமாகக் கொண்டு, 2002இல் எட்ஜ் கடிகாரத்தை வெளியிட்டது. கடிகாரத்தின் மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர். உள்ளே ஓடும் இயங்குபொறியின் தடிமன் 1.15 மில்லிமீட்டர். இந்த அளவில் ‘முதலில் பொறியாளர் முடிக்கட்டும், பிறகு டிசைனர் உறை போடட்டும்’ என்பது நடக்காது. கண்ணாடி, முள், முகப்பு, பின்மூடி என ஒவ்வொன்றும் மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குக்காக மற்றதோடு பேரம் பேச வேண்டும். தண்ணீரும் உள்ளே போகக் கூடாது. அப்படிப்பட்ட இடத்தில் வடிவமைப்பை நிர்வகிப்பது என்றால், அந்தப் பேரத்தில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக் கூடாது என்று முன்கூட்டியே எல்லோரையும் ஒப்புக்கொள்ள வைப்பதுதான்.

பதவிக்கென்று சில நோய்களும் உண்டு. எல்லா வரைபடமும் தன் கண்ணில் பட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் மேலாளர், குழுவின் வேகத்தைத் தன் வேகத்துக்குக் குறைத்துவிடுவார். தன் ரசனையை நிறுவனத்தின் ரசனையாக்கிக்கொள்பவர் இன்னும் ஆபத்தானவர். ப்யூக் விவகாரத்தில் பாதிக்கப்பட்ட அதே எர்ல், பிற்காலத்தில் யாரும் எதிர்க்க முடியாத செல்வாக்குப் பெற்றார். அவர் காலத்தில் 1948 காடிலாக் காரில் தலைகாட்டிய வால் துடுப்பு, 1959 மாடலில் அபத்தமான உயரத்துக்குப் போனது. தகட்டை இழுத்த தொழிற்சாலையைக் கேள்வி கேட்க ஆள் வேண்டியிருந்தது போலவே, துடுப்பை உயர்த்தியவரைக் கேள்வி கேட்கவும் ஆள் வேண்டியிருந்தது.

பம்பும் கிரைண்டரும் கைக்கருவியும் செய்யும் சிறு நிறுவனங்களுக்குத் தனி வடிவமைப்பு மேலாளரை வைத்துக்கொள்ள வசதி இருக்காது. அங்கே முதலாளி, மோல்டு செய்பவர், மொத்த வியாபாரி ஆகிய மூவரின் தொலைபேசி உரையாடலிலேயே வடிவம் முடிவாகிவிடுகிறது. அவர்களுக்கும் ஒன்று சாத்தியம். எஃகை வெட்டுவதற்கு முன் வடிவத்துக்குப் பொறுப்பாக ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்கலாம். பொருளைப் பயன்படுத்தப்போகும் இரண்டு பேரிடம் மாதிரியைக் கொடுத்து அவர் பார்க்கட்டும். அவர் கையெழுத்து இல்லாமல் மோல்டுக்கு முன்பணம் போகக் கூடாது.